ஓட்டுநருக்கு மட்டும் ஏன் குமட்டுவதில்லை?

மே மாதக் காலை. ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சுற்றுலா வேன்களில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்வரிசையில் எட்டு வயதுச் சிறுமி அப்பாவின் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டு வருகிறாள். அம்மாவின் கைப்பையில் இரண்டு எலுமிச்சம்பழம், மடித்து வைத்த நாலைந்து கவர்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் சிறுமி போனை மடியில் வைக்கிறாள். ஐந்தாவதில் கொட்டாவி விடுகிறாள், வாயில் எச்சில் ஊறுகிறது. ஏழாவதில் முகம் வெளிறி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க எல்லோரும் வண்டியை நிறுத்துவார்கள். இந்த வேன் அதற்கு முன்பே ஓரங்கட்டப்படுகிறது. "பிள்ளைக்குக் காலையில பூரி கொடுக்காதேன்னு சொன்னேன், கேட்டியா?" என்று பாட்டி ஆரம்பிக்கிறார்.

பூரியின் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் அதே கடையில் அதே பூரியை இரண்டு கூடுதலாகவே சாப்பிட்ட ஒருவர் அந்த வேனில் தெம்பாக உட்கார்ந்திருக்கிறார். அவர்தான் ஓட்டுநர். சிறுமி கடந்த வளைவுகள் அத்தனையையும் அவரும் கடந்திருக்கிறார். பழக்கம்தான் காரணம் என்று சொல்லிவிடலாமா? மலைப்பாதைக்கே புதிதாக வந்து, சொந்தக் காரை நடுங்கிக்கொண்டே ஓட்டுபவருக்கும் பெரும்பாலும் குமட்டுவதில்லை. அவரே ஸ்டீயரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனால் வயிறு புரள ஆரம்பிக்கிறது.

அம்மா மடியில் தூங்கும் எட்டு மாதக் கைக்குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. உணவு, வயிறு, மன உறுதி என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் இந்த மூவரின் கதையையும் சேர்த்து விளக்கவில்லை.

கப்பலில் சீட்டாடிய காது கேளாதவர்கள்

இந்தப் புதிருக்கு முதல் துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களுக்குத் தலைசுற்றல் வருகிறதா என்று நூற்றுக்கணக்கானவர்களிடம் விசாரித்து 1882ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் பலரை எவ்வளவு சுழற்றிவிட்டாலும் தலை சுற்றவில்லை. கடற்பயணக் குமட்டலும் உட்செவியோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அதைக் கண்கூடாகப் பார்க்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1950களின் பிற்பகுதியில், விண்வெளியில் மனித உடல் என்ன பாடுபடும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆஷ்டன் கிரேபியேல் தன்னார்வலர்களைத் தேடினார். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலாடெட் கல்லூரியிலிருந்து 11 பேர் வந்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, கேட்கும் திறனோடு உட்செவியின் சமநிலை உறுப்பும் பாழாகியிருந்தது. சுழலும் அறையிலும் பாய்ந்து விழும் விமானத்திலும் அவர்களைச் சோதித்தார்கள். ஒருமுறை கனடாவின் நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு அப்பால், கொந்தளிக்கும் கடலில் கப்பலேற்றினார்கள். காது கேளாதவர்கள் சீட்டாடிக்கொண்டும் கைமொழியில் அரட்டையடித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆய்வாளர்களோ வாந்தி தாங்காமல் படுத்துவிட்டார்கள். சோதனையை நிறுத்தவேண்டியதாயிற்று.

கண் தெரியாதவர்களின் நிலை இதற்கு நேர்மாறு. அவர்களுக்கும் வண்டியில் குமட்டும் என்பதைக் கிரேபியேலே பின்னர் உறுதிசெய்தார். ஆக, கண் இல்லாமலும் இந்த உபாதை வரும். உட்செவியின் சமநிலை உறுப்பு இல்லாமல் வராது. வாந்தி வயிற்றிலிருந்து வந்தாலும் அதன் தொடக்கம் காதில் இருக்கிறது. இதை இந்த அத்தியாயத்தில் 'பயணக் குமட்டல்' என்று அழைப்போம். பஸ், கார், கப்பல், விமானம், ராட்டினம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

காதுக்குள் மூன்று குழல், இரண்டு பை

கேட்பதற்கான நத்தை வடிவ உறுப்பை ஒட்டியே, பட்டாணி அளவு இடத்தில், உடலின் அசைவை அளக்கும் கருவி இருக்கிறது. அதில் மூன்று அரைவட்டக் குழல்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. உள்ளே திரவம். தண்ணீர் உள்ள வாளியைச் சட்டென்று திருப்பினால், வாளி திரும்பிவிடும், தண்ணீர் கொஞ்சம் பின்தங்கும். அப்படியே தலை திரும்பும்போது குழல் திரும்புகிறது, திரவம் தங்குகிறது. இந்த வித்தியாசம் குழலுக்குள் இருக்கும் மெல்லிய தடுப்பை வளைக்கிறது. எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகத் தலை திரும்புகிறது என்ற தகவல் மூளைக்குப் போகிறது.

குழல்களுக்கு அடியில் இரண்டு பைகள். அவற்றுக்குள் ஒரு பசைப்படலத்தின் மேல் மிக நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. செவிக்கற்கள் என்று பெயர். தலை சாய்ந்தால் அவை சரியும், அடியிலுள்ள உணர்மயிர்கள் வளையும். கீழ் எது, மேல் எது என்று கண்ணை மூடிக்கொண்டும் நமக்குத் தெரிவது இவற்றால்தான்.

ஆனால் இந்தக் கற்களுக்கு ஒரு குறை உண்டு. தலை சாய்வதால் சரிகிறோமா, வண்டி பக்கவாட்டில் தள்ளுவதால் சரிகிறோமா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே செய்திதான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க மூளை கண்ணையும் குழல்களையும் கழுத்துத் தசைகளையும் கேட்டுக்கொள்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் இந்த ஏற்பாட்டில் பிசகு வருவதில்லை. மனித உடல் தன் காலால் நகர்வதற்காக உருவானது, பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு மலையேறுவதற்காக அல்ல.

ஒரு கொண்டை ஊசி வளைவைக் கணக்கிடுவோம்

ஆழியாறு–வால்பாறை சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காடு சாலையில் 20, கல்லட்டிச் சாலையில் 36, கொல்லிமலையில் 70. இவற்றில் ஒன்றே ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்த்தால் போதும்.

வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேன் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறது. முழு அரைவட்டத்தின் நீளம் சுமார் 47 மீட்டர். அதைக் கடக்க எட்டரை விநாடி ஆகும். அந்த எட்டரை விநாடியும் சிறுமியைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, அவள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 25 கிலோ எடையுள்ள அவளை 5 கிலோ மூட்டை ஒன்று ஓரமாக இழுப்பதற்குச் சமம். கீழ்நோக்கிய புவியீர்ப்பும் இந்தப் பக்கவாட்டு இழுப்பும் சேரும்போது, செவிக்கற்கள் கிட்டத்தட்ட 12 பாகை சாய்ந்த நிலைக்குச் சரிகின்றன.

இப்போது அவள் உடலிலிருந்து மூளைக்குப் போகும் தகவல்களைப் பார்ப்போம். செவிக்கற்கள், "12 பாகை சாய்ந்திருக்கிறோம்" என்கின்றன. அரைவட்டக் குழல்கள், "சாயவில்லை, திரும்பிக்கொண்டிருக்கிறோம்" என்கின்றன. கண்ணோ போன் திரையில் பதிந்திருக்கிறது. திரை அவள் கையோடு சேர்ந்தே நகர்வதால், "எதுவும் அசையவில்லை" என்கிறது கண். பாதி வளைவுக்குள் குழல்களின் செய்தி தளரத் தொடங்கும், ஏனென்றால் பின்தங்கிய திரவம் மெல்ல மெல்லக் குழலோடு சேர்ந்து ஓட ஆரம்பிக்கிறது. வளைவு முடிந்து வேன் நேரானதும் குழல் நின்றுவிடும், திரவம் நிற்காது. அதனால் எதிர்த்திசையில் திரும்புவதாக ஒரு பொய்ச்செய்தி சில விநாடிகளுக்கு வரும். அது அடங்குவதற்குள் அடுத்த வளைவு, இம்முறை எதிர்ப்பக்கம்.

இதே நேரத்தில் கீழே விழுந்த பேனாவை எடுக்க அவள் குனிந்தால் கதை கந்தல். வண்டி திரும்பும்போதே தலையும் வேறு தளத்தில் திரும்புவதால் மூன்று குழல்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாத கணக்குகளை அனுப்பும். கிரேபியேலின் சுழலும் அறையில் ஆட்களுக்கு வேகமாகக் குமட்டல் வரவைக்கத் தலையை அசைக்கச் சொன்னாலே போதுமானதாக இருந்தது.

வேகத்தையும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். 20லிருந்து 30க்கு ஏற்றினால் ஓட்டுநருக்கு அது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. வேகம் கூடியது ஒன்றரை மடங்குதான். பக்கவாட்டு இழுப்போ இரண்டே கால் மடங்காகிவிடும். சிறுமியை இழுக்கும் மூட்டை 5 கிலோவிலிருந்து 12 கிலோவை எட்டும், செவிக்கற்கள் உணரும் சாய்வு 12 பாகையிலிருந்து 25 பாகையாகும். மொத்தப் பயணத்தில் இதனால் மிச்சமாகும் நேரம் அதிகமிருக்காது. பின்சீட்டுக்கு ஆகும் செலவு பெரிது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில் இதற்கு மறுமுனை. 1899ல் குன்னூர் வரையும் 1908ல் ஊட்டி வரையும் போடப்பட்ட 46 கிலோமீட்டர் பாதையில் இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள் உண்டு. ஆனாலும் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஏறும் ரயிலில் பக்கவாட்டு இழுப்பு என்று சொல்ல ஒன்றும் இருப்பதில்லை.

வளைவுகள் திரும்பத் திரும்ப வரும் தாளமும் முக்கியம். கப்பலைப் போல மேலும் கீழும் ஆடும் அறைகளை வைத்து 1970களில் நடந்த சோதனைகளில், ஏறக்குறைய 5 விநாடிக்கு ஒருமுறை வரும் ஆட்டமே மனிதனை மிக மோசமாகக் குமட்டவைக்கிறது என்று தெரிந்தது. கரடுமுரடான மண்சாலையில் ஜீப் குலுக்கும் குலுக்கலில் இடுப்பு வலிக்கும், வாந்தி வருவது குறைவு. மலைச்சாலையில் நிதானமாக இடமும் வலமும் அலைக்கழிப்பதுதான் ஆகாது. வார இறுதியில் குன்னூர் சாலை நெரிசலில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டருமாக முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே போவதும் அந்த ரகம்தான்.

அடுத்த வளைவு தெரிந்தவர்

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசனும் பிராண்டும் சேர்ந்து 1975ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கண், காது, தசை ஆகியவை தரும் தகவல்கள் ஒன்றோடொன்று மோதுவதைவிட முக்கியமானது, அவை மூளை எதிர்பார்த்ததோடு மோதுவதுதான் என்பது அவர்கள் வாதம். இதைப் 'புலன்முரண்' என்று சொல்லலாம். மூளை சும்மா இருந்து தகவல் வாங்கும் உறுப்பு அல்ல. அடுத்த நொடி என்ன உணர்வு வரும் என்று ஓயாமல் முன்கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்பும் வரவும் பொருந்தினால் நிம்மதி. தொடர்ந்து பொருந்தாமல் போனால் குமட்டல்.

ஓட்டுநரின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. வளைவு அவர் கண்ணுக்கு முன்பே தெரிகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்புவது அவர் கைதான், எனவே உடல் எந்தப் பக்கம் தள்ளப்படும் என்று அவர் மூளைக்குத் தள்ளுவதற்கு முன்பே தெரியும்.

1991ல் இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள், ரோல்னிக்கும் லுபோவும், இதைச் சோதித்தார்கள். இருவர் இருவராகச் சுழலும் மேடையில் உட்காரவைத்தார்கள். இருவருக்கும் ஒரே அசைவு, தலையசைவுகூட ஒன்றாகவே இருக்கும்படி கட்டுப்படுத்தப்பட்டது. ஆனால் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும். அதிகாரம் கையில் இருந்தவருக்குக் குமட்டல் குறைவு, சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அதிகம்.

தலையும் இதில் பங்கெடுக்கிறது. வளைவில் ஓட்டுநரைக் கவனித்தால் தெரியும்: இடப்பக்க வளைவில் அவர் தலை இடப்பக்கம், அதாவது வளைவின் உட்புறமாகச் சாயும். பயணிகளின் தலைகள் எல்லாம் வெளிப்புறமாகத் தள்ளப்படும். ஜப்பானில் வாடா குழுவினர் 2012ல் வெளியிட்ட ஆய்வில், பயணியையும் ஓட்டுநரைப் போலவே வளைவின் உட்புறமாகத் தலையைச் சாய்க்கச் சொல்லி, கார் பாம்பு நெளிவதுபோல ஓட்டப்பட்டது. குமட்டல் கணிசமாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு இதை ஒரு விளையாட்டாகவே சொல்லித்தரலாம்: வளைவு எந்தப் பக்கமோ, தலை அந்தப் பக்கம்.

ஸ்டீயரிங் கையில் இல்லாவிட்டாலும் சாலை தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் 56 பஸ்களில் 3,256 பயணிகளிடம் டர்னரும் கிரிஃபினும் நடத்திய கணக்கெடுப்பு 1999ல் வெளியானது. நூற்றுக்கு 28 பேர் உடம்பு சரியில்லாததுபோல் உணர்ந்திருந்தார்கள். முன்னால் சாலையே தெரியாதபடி உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு, சாலை தெரிந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

விஷம் என்று நினைத்துக்கொள்ளும் மூளை

எல்லாம் சரி, தகவல் குழம்பினால் தலை சுற்றட்டும். வாந்தி எதற்கு? இதற்கு ஒரு சுவையான விடை 1977ல் மிஷெல் டிரைஸ்மேன் என்பவர் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. பரிணாம வரலாற்றில் வண்டிகள் நேற்று வந்தவை. அதற்கு முன் கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று முரண்பட்ட சமயங்கள் பெரும்பாலும் நச்சுக்காயையோ நச்சுக்கிழங்கையோ தின்ற சமயங்கள்தாம். எனவே புலன்கள் குழம்பினால் 'விஷம் உள்ளே போய்விட்டது, வெளியே தள்ளு' என்று மூளையின் முகுளப் பகுதி முடிவெடுக்கிறது என்றார் அவர். உட்செவி நீக்கப்பட்ட நாய்களுக்குச் சில நச்சுப்பொருள்களைக் கொடுத்தாலும் வாந்தி குறைவாகவே வந்தது என்று 1983ல் வெளியான ஒரு சோதனை இதற்குத் துணைநிற்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக இதை முடிந்த முடிபாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உடலை நிலையாக வைத்துக்கொள்ள முடியாமல் தத்தளிப்பதே மூலகாரணம் என்று வாதிடும் இன்னொரு தரப்பும் வலுவாக இருக்கிறது.

யாருக்கு அதிகம் வரும் என்பது ஓரளவு தெளிவு. இரண்டு வயதுக்குக் கீழ் அரிது. ஆறேழு வயதில் தலைகாட்டி, ஒன்பது பத்து வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதில் இறங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், கர்ப்ப காலத்தில் இன்னும் அதிகம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அப்படியே. மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கடல் ஒத்துக்கொண்டதே இல்லை. சார்லஸ் டார்வினும் பீகிள் கப்பலில் ஐந்தாண்டுப் பயணம் முழுக்க அவதிப்பட்டார். "எல்லாம் உன் நினைப்புதான்" என்று பிள்ளையை அதட்டும் பெரியவர்கள் இந்த இருவரையும் நினைத்துக்கொள்ளலாம்.

எந்த சீட், எந்த பெல்ட்

காரில் சிறந்த இடம் முன்சீட்டுதான். ஆனால் குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். வாந்தி ஓர் உபாதை, உயிரை எடுக்காது. திடீர் பிரேக்கில் மடியிலிருக்கும் பிள்ளையை எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. காற்றுப்பை விரியும் வேகமே சிறு பிள்ளையைக் கொன்றுவிடக்கூடும். அதனால்தான் பன்னிரண்டு வயது வரை பின்சீட்டே நல்லது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் சொல்கிறது.

எஞ்சியிருப்பது பின்சீட்டின் நடு இடம். இரண்டு முன்சீட்டுகளுக்கும் இடையே சாலை அங்கிருந்து நேராகத் தெரியும். அங்கே தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் இருந்தால் குமட்டும் பிள்ளைக்கு அதுதான் இடம். குள்ளமான பிள்ளைக்குச் சாலை தெரியாது என்பதால், உயரம் கொடுக்கும் பூஸ்டர் இருக்கை பெல்ட்டையும் சரியாகப் பொருத்தும், பார்வையையும் திறந்துவிடும். ஒரே பொருளில் இரண்டு ஆதாயம். வேனில் பின்னோக்கிய சீட்டும் பக்கவாட்டுச் சீட்டும் குமட்டுபவர்களுக்கு ஆகாது. பஸ்ஸில் முன்பக்கம் அல்லது நடுப்பகுதி நல்லது. பின்சக்கரத்துக்கும் பின்னால் நீண்டிருக்கும் கடைசி வரிசைகள் வளைவில் அதிகம் வீசியாடும், பள்ளத்தில் அதிகம் தூக்கிப் போடும்.

போன், புத்தகம், டேப்லட் எல்லாம் அடிவாரத்திலேயே உள்ளே போகட்டும். சாலையைப் பார்க்க முடியாவிட்டால் தலையைச் சீட்டில் நன்றாகச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வது அடுத்த வழி. கண் மூடினால் முரண்படும் சாட்சிகளில் ஒன்று குறைகிறது. தூங்கிவிட்டால் இன்னும் நல்லது. மெதுவாக, எண்ணி எண்ணி மூச்சுவிடுவதற்கும் பலன் உண்டு. லண்டனில் 2003ல் நடந்த சோதனையில், அப்படி மூச்சுவிட்டவர்களுக்கு மருந்து தரும் பாதுகாப்பில் ஏறக்குறைய பாதி கிடைத்தது.

மாத்திரை எப்போது, எது

1947ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தோல் தடிப்புக்காக வந்த ஒரு கர்ப்பிணிக்கு, மருத்துவர்கள் கேயும் கார்லைனரும் புதிய ஒவ்வாமை மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். டிராம் வண்டியில் ஏறினாலே வாந்தியெடுக்கும் அவர், மருந்து சாப்பிட்ட நாட்களில் நிம்மதியாகப் பயணித்ததாகத் திரும்பிவந்து சொன்னார். மருத்துவர்கள் சும்மா விடவில்லை. 1948 இறுதியில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்கு அட்லாண்டிக்கைக் கடந்த 'ஜெனரல் பலூ' என்ற படைக்கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களிடம் அதைச் சோதித்தார்கள். டிராமமின் என்ற மாத்திரை பிறந்த கதை இது.

நம் ஊர் மருந்துக்கடைகளில் கேட்டதும் எடுத்துத்தரும் அவோமின், புரோமெத்தசின் வகையைச் சேர்ந்தது. வழி அதே வழிதான்: மூளைக்குள் புகுந்து, சமநிலை உறுப்பின் செய்தி வாந்தி மையத்துக்குப் போகும் பாதையை மந்தப்படுத்துகிறது. சளி, தும்மலுக்குத் தரும் செடிரிசினும் ஒவ்வாமை மருந்துதான், ஆனால் அது மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை. எனவே இதற்கு உதவாது.

வீட்டு அலமாரியில் இருக்கும் இன்னொரு மருந்தைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். பிள்ளைகளின் வாந்திக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் ஆன்டன்செட்ரான் சிரப்பை மிச்சம் வைத்து, மலையேறும் முன் கொடுக்கும் பெற்றோர் உண்டு. வயிற்றுப்போக்கோடு வரும் வாந்திக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்திக்கும் அது அருமையான மருந்து. பயணக் குமட்டலுக்கு அது பலன் தருவதில்லை என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. அது அடைக்கும் பாதை வேறு, இந்தக் குமட்டல் வரும் பாதை வேறு.

நேரம் தவறினால் சரியான மாத்திரையும் வீண். குமட்டல் தொடங்கியதும் வயிறு தன் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. உள்ளே போடும் மாத்திரை குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே கிடந்து, வாந்தியோடு வெளியே வந்துவிடும். எனவே அடிவாரத்தில் டீ குடிக்கும்போது அல்ல, வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கூடவே கூடாது, மூச்சை அடக்கிவிடும் ஆபத்து உண்டு. பெரிய பிள்ளைகளுக்கும் அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். எல்லோரையும் தூங்கவைக்கும் மருந்து இது. ஓட்டுநர் இதைத் தொடவே கூடாது. முந்தின நாள் இரவில் போட்ட மாத்திரையின் மயக்கம் காலையிலும் மிச்சமிருக்கலாம்.

இஞ்சிக்கு ஒரு காலத்தில் பெரிய பெயர் கிடைத்தது. 1982ல் லான்செட் இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு, சுழல் நாற்காலியில் இஞ்சிப்பொடி டிராமமினையே தோற்கடித்ததாகச் சொன்னது. பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் அதை ஆமோதிக்கவில்லை. இஞ்சி மிட்டாயும் எலுமிச்சம்பழமும் கெடுதல் செய்யாது, மனத்துக்குத் தெம்பு தரும். அவற்றை மட்டும் நம்பிப் பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டு போவதுதான் பிசகு.

வாந்தி வந்தே விட்டால்

பாதுகாப்பான இடம் கிடைக்கும் வரை கவர்தான் துணை. ஜன்னலுக்கு வெளியே தலை நீட்ட எந்தப் பிள்ளையையும் அனுமதிக்கக் கூடாது. குறுகலான மலைச்சாலையில் எதிரே வரும் பஸ்ஸுக்கும் வேனுக்கும் இடையே சில சமயம் ஒரு முழம்கூட இருக்காது. வளைவிலேயே வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. மேலே வரும் வண்டிக்கு நீங்கள் நிற்பது தெரியாது.

நிறுத்தியதும் கீழே இறங்கி, கால் தரையில் பட நின்று, தூரத்து மலை விளிம்பைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பத்து நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பும். உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவைத்தால் அதுவும் வெளியே வரும். நாலைந்து நிமிடத்துக்கு ஒரு வாய் போதும். பல முறை வாந்தியெடுத்த பிள்ளைக்கு, பாக்கெட்டில் எழுதியபடி ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். நல்லது. கிளம்பும் முன் வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். பாட்டி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

மலையிலிருந்து இறங்கும்போது இரண்டாவது கியரில், எஞ்சின் பிடியிலேயே வண்டியை விடுவது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதைத் தடுக்கும். தொட்டுத் தொட்டுப் பிரேக் பிடிப்பதால் வரும் முன்பின் ஆட்டத்தையும் அது குறைக்கும். நிதானமான ஓட்டுநரின் வண்டியில் வாந்தியும் குறைவு, விபத்தும் குறைவு.

வண்டி நின்று ஓரிரு மணி நேரத்தில் பயணக் குமட்டல் அடங்கிவிட வேண்டும். ஊருக்குப் போய்ச் சேர்ந்து, அறையில் படுத்து, அதற்குப் பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றாலோ, காய்ச்சல், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, விடாத வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலோ, 'மலை ஒத்துக்கொள்ளவில்லை' என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. 'உயரம் காரணமாக இருக்கும்' என்று விடவும் கூடாது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். உயர்மலை நோய் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், படகுச் சவாரியை மறுநாளுக்குத் தள்ளிப்போடலாம்.